அட்லாண்டிக் நீரோட்டத்தைக் கடலிலேயே அளக்கிறார்கள்

அட்லாண்டிக் நீரோட்டச் சுழற்சியை, அதாவது மேலே வெதுவெதுப்பான நீர் வடக்கே போய், குளிர்ந்து ஆழத்தில் தெற்கே திரும்புவதை, யாரும் கடலில் அளந்ததே இல்லை, எல்லாம் கணினிக் கணிப்பு, அதை நம்பிக் காலநிலைக் கொள்கை வகுக்கக் கூடாது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அது சரியில்லைங்க. பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் 'ராப்பிட்' திட்டத்தில், 2004 முதல் 26.5 டிகிரி வடக்கில், பஹாமாஸிலிருந்து ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் வரை, கடலடியில் நங்கூரமிட்ட கம்பிகளில் கருவிகளைக் கட்டி வெப்பம், உப்பு, அழுத்தம் எல்லாம் அளந்துகொண்டே இருக்கிறார்கள்; எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதை அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். சராசரியாக நொடிக்குச் சுமார் 1.7 கோடி கன மீட்டர் நீர் வடக்கே போகிறது. 2009-10இல் அது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்து, பிறகு மீண்டதும் இந்தக் கருவிகளில்தான் பதிவானது. எதிர்காலத்தைச் சொல்லக் கணினி மாதிரிகள் வேண்டும்தான், ஆனால் அளவீடு இல்லை என்பது தவறு. சந்தேகமிருந்தால் ராப்பிட் இணையதளத்தில் தரவு இலவசம், இறக்கி அந்த வருட வரைபடத்தை நீங்களே பாருங்கள்.