மண்ணைப் பாக்கறீங்க சரி, தடத்தைப் பாத்தீங்களா?

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் கோவை, திருப்பூர் கார்கள் வந்து நிற்கின்றன. பூமி, அதாவது தோட்டம் வாங்கப் பார்க்க வருகிறவர்கள். இறங்கியதும் மண்ணை அள்ளிப் பார்ப்பார்கள். மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பார்கள். தென்னைக்கு நடுவில் நின்று ஒரு போட்டோ. ஏக்கர் என்ன விலை, போர் எத்தனை அடி, மரம் எத்தனை, எல்லாம் கேட்பார்கள். நான் பார்த்த வரைக்கும் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தோட்டத்துக்குத் தடம் யாரோட பூமியில வருதுங்க?"

ஊருக்குள் தெருவீட்டில் பிறந்து, தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். தோட்டம் வாங்குகிறவர்களுக்கு என் கருத்து இதுதான்: மண் சுமாராக இருந்தால் எருப் போட்டுத் தேற்றலாம், தண்ணீர் குறைந்தால் சொட்டுநீர் போட்டு ஓட்டலாம். தடமும், அதாவது தோட்டத்துக்குப் போக வர உள்ள வழியும், பக்கத்துத் தோட்டக்காரரும் சரியில்லை என்றால் அங்கே குடியிருக்க முடியாது.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் இந்த ஊரின் அமைப்பே புரிவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வீடெல்லாம் ஊருக்குள், வயல் ஊருக்கு வெளியே. இங்கே பண்ணையம் பார்க்கிற குடும்பங்கள் பலவும் பூமிக்குள்ளேயேதான் குடியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையை மறித்துக்கொள்வதால் நம் சமவெளிக்கு வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. கிணறு வெட்டித்தான் வெள்ளாமை. விடியறதுக்கு முன்னாடியே மாட்டைக் கவலை ஏற்றத்தில் பூட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும் என்றால் ஊரிலிருந்து நடந்து வந்து கட்டுப்படியாகாது. கிணற்று மேட்டிலேயே ஒரு சாளை, அதாவது குடிசை, போட்டார்கள், மாட்டுக்குக் கட்டுத்தரை போட்டார்கள், அப்புறம் அது ஓட்டு வீடாகி, தார்சு (கான்கிரீட்) வீடாகிவிட்டது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நாலு ஏக்கர், அஞ்சு ஏக்கர். அத்தனை வீட்டுக்கும் போக வர ஒரு வழி வேண்டுமில்லையா, அதுதான் தடம்.

பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் கடைசியில் "மேற்படி பூமிக்குப் போக வர உள்ள மாமூல் வண்டித்தட பாத்தியமும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த 'மாமூல்', அதாவது வழக்கமான வழி, எத்தனை அடி அகலம் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. அந்தக் காலத்தில் மாட்டுவண்டி போனால் போதும், எட்டடி. இன்றைக்குத் தேங்காய் ஏற்ற லோடு வண்டி வர வேண்டும், தீவன லாரி வர வேண்டும், போர் போடுகிற ரிக் வண்டி வர வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து வருகிற ரிக் வண்டியின் உடம்பு என்ன மாமூலையா பார்க்கும்?

எங்கள் தடத்தில் ஒரு முக்குத் திருப்பம் இருக்கிறது. அந்த முக்கில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கல்லுக்கால் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் இடுப்புயரத்தில் நீலம், மஞ்சள், பச்சை என்று பெயிண்ட் கீறல்கள், ஒவ்வொன்றும் ஒரு வண்டி உரசிப் போன கணக்கு. ஒரு பக்கம் சில்லுப் பெயர்ந்திருக்கிறது. நட்டவர் எங்கள் பங்காளி, எனக்குப் பெரிய மாமனார் முறை. வழி அகலத்துக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை. எப்போதோ ஒரு சீருக்கு அழைப்புச் சொன்ன முறையில் வந்த மனத்தாங்கல், கல்லாக வந்து நிற்கிறது. லோடு வண்டிக்காரர்கள் அந்த முக்கில் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுப்பார்கள், மூன்றாவது தடவை எங்கள் மாமனார் வரைக்கும் இழுத்து வைவார்கள். கல்லைப் பிடுங்கினால் என்ன என்று நான் கேட்டதற்கு அத்தை (என் மாமியார்) சொன்னது: "கல்லைப் புடுங்கறது ஒரு நிமிசம் கண்ணு. அப்பறம் மொறத் தண்ணிக்கு யாரு மூஞ்சியில முழிக்கறது?"

ஏனென்றால் கிணறும் கூட்டு. பத்திரத்தில் "பொதுக் கிணற்றில் 4ல் 1 பாகம்" என்றால் நாலு நாளைக்கு ஒரு நாள் தண்ணீர் உங்களுடையது. உங்கள் முறையன்று கரண்ட் போனாலும் மோட்டார் காயில் கருகினாலும் உங்கள் பாடு, பக்கத்துக்காரர் மனசு வைத்தால்தான் அடுத்த நாளில் பாதி கிடைக்கும். சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், 1882ம் வருட ஈஸ்மெண்ட் சட்டப்படி 20 வருசம் தடங்கலில்லாமல் அனுபவித்த வழியை யாரும் மறிக்க முடியாது என்று. வாஸ்தவம். ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்கிறதுக்குள் தென்னங்கன்று காய்ப்புக்கு வந்துவிடும்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் என்றதும் டவுன்காரர்களுக்கு ஒரு இளக்காரம். யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துப் போராடி, 1970 ஜூன் 19 அன்று திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்த மண் இது. அது சும்மா வந்த சலுகை இல்லை. ஆனால் இலவசம் என்பதற்காக எந்நேரமும் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், சில நாள் நடுச்சாமத்தில். முன்னெல்லாம் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போக வேண்டும், வரப்பில் கட்டுவிரியன் இருக்கும். இப்போது ஸ்டார்ட்டரிலேயே சிம் கார்டு. எங்கள் வீட்டுக்காரர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு மோட்டாருக்குப் போன் போடுகிற ஆள். ஒரு நாளைக்கு எனக்குப் போடுவதைவிட மோட்டாருக்குப் போடுவது அதிகம், அதுவும் உடனே எடுத்துவிடுகிறது!

மும்முனை இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுகிற மகராசன்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒருத்தர் அப்படி ஓட்டினால் போதும், என் சமையல்கட்டில் மிக்ஸி முனகும், தேங்காய் அரைபடாது, ஃபேன் இறக்கை எண்ணலாம். இதுவும் பக்கத்துத் தோட்டக்காரர் சமாச்சாரம்தான், பாருங்கள். விலை பேசும்போது எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார்.

கூரியர்காரர் கதை தனி. விலாசத்தில் கதவு எண் இருக்காது, 'பனங்காட்டுத் தோட்டம்' என்று இருக்கும். பனைமரம் ஒன்றுகூட இப்போது இல்லை. மேப் பார்த்து வருகிற பையன் இட்டேரி (வேலிகளுக்கு நடுவில் போகிற ஒடுக்கமான வழி) வாயில் நின்று போன் போடுவான். கிளுவை வேலி இரண்டு பக்கமும் அடைத்த இட்டேரிக்குள் ஸ்கூட்டரை விட அவனுக்குப் பயம். பாதி பார்சல் பால் சொசைட்டியிலேயே வாங்கிக்கொள்கிறோம்.

ராத்திரிதான் கஷ்டம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதியை. அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு கேமரா மாட்டினார்கள், நாங்களும் மாட்டினோம். கேமரா இருப்பது தைரியம்தான், ஆனால் விடிந்த பிறகு பார்க்கத்தான் அது ஆகும். உண்மையில் எங்களைக் காப்பது எதிர்த் தோட்டத்து வாசல் லைட். பொழுதோட, சாயங்காலத்தில், அவர்கள் வீட்டு லைட் எரியவில்லை என்றால் அத்தை போன் போடுவார், எங்கள் லைட் எரியவில்லை என்றால் அங்கிருந்து போன் வரும். "ஏனுங் அக்கா, லைட்டு போடுலீங்களா?" அவ்வளவுதான் பேச்சு. நாய் விடாமல் குரைத்தால் இரண்டு வீட்டிலும் ஆள் எழுந்திருப்பார்கள். வார இறுதிக்கு மட்டும் வருகிறவர்கள் வீடு கட்டிப் பூட்டிவிட்டுப் போனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இருட்டாகிவிடுகிறது. அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனக்கு அவர்கள் மேல் இருக்கிற பெரிய வருத்தமே இதுதான்.

அதே மாதிரி இன்னொன்று. வந்ததும் வராததுமாக ஜேசிபியை விட்டுக் கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடுகிறார்கள். கிளுவையில் பிரண்டை இருக்கும், கோவைக்கொடி இருக்கும், காடையும் கவுதாரியும் அடையும். சரி, அது உங்கள் எல்லை, உங்கள் இஷ்டம். ஆனால் வேலியை அரை அடி தள்ளிப் போடும்போது அந்த அரை அடி யாருடைய தடம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வெளியாளாக வருவதில் ஒரு லாபமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் தப்பு. பக்கத்துத் தோட்டக்காரர் எங்களுக்குப் பெரும்பாலும் பங்காளி. அப்பாரு (தாத்தா) காலத்துப் பாகப்பிரிவினை கோபம்கூட இன்னும் காயாமல் இருக்கும். உங்களுக்கு அந்தப் பழைய பாக்கி எதுவும் இல்லை. முதல் வருசம் ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஒரு தடவை வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனால் போதும். பேச்சுவார்த்தை இல்லாத எங்கள் பெரிய மாமனாரே, எங்கள் மாடு ஈன்றபோது கன்று தலை திரும்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து, கையைக் கழுவிவிட்டு உள்ளே விட்டுத் திருப்பி எடுத்துக் கொடுத்தார். காப்பி வேண்டாம் என்றுவிட்டு, அந்தக் கல்லுக்காலைத் தாண்டித்தான் திரும்பிப் போனார். கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். புலப்படத்தை (சர்வே வரைபடத்தை) எடுத்துக்கொண்டு, தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வாசல் வரைக்கும் தடத்தை நடந்தே வாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். வழியில் புதிதாக நட்ட கல்லோ முள்ளோ இருந்தால் அது ஏன் என்று விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்க வேண்டாம், பால் சொசைட்டியில் கேளுங்கள். அங்கே அந்த வழியில் இருக்கிற எல்லா வீட்டு ஆளும் காலையில் ஆறரைக்குப் பால் ஊற்ற வருவார்கள். ஏழரைக்கு மேல் போனால் கேன் கழுவுகிற பையனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.