வியட்நாமுக்குப் போய் பன்னீர் பட்டர் மசாலா

போன டிசம்பரில் எங்கள் கல்லூரி மூன்றாமாண்டுப் பிள்ளைகள் 34 பேரைக் கூட்டிக்கொண்டு ஐ.வி., அதாவது தொழிற்சாலை பார்க்கும் பயணம், என்று ஹோ சி மின் நகரத்துக்குப் போனோம். பயண ஏஜெண்ட் கொடுத்த தாளில் ‘தினமும் இந்திய உணவு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் எல்லாருக்கும் நிம்மதி தந்த வரி அதுதான்.

முதல் நாள் மதியம் நான் ரொட்டியும் பன்னீர் பட்டர் மசாலாவும். இரவு அதே. மறுநாள் கூடவே ஒரு மஞ்சள் பருப்பு. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இவர்கள். அதுவரை வாழ்நாளில் தின்ற பன்னீரைவிட வியட்நாமில் தின்ற பன்னீர்தான் அதிகமாக இருக்கும். வெளியே நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஏசி அறைக்குள் நானைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் கூ சி சுரங்கங்களுக்குப் போனோம். அமெரிக்காவோடு நடந்த போரின்போது கெரில்லாக்கள் பதுங்கிய இடம். குனிந்து தவழ்ந்து வெளியே வந்தவர்களுக்கு ஒரு தட்டில் வேகவைத்த கிழங்கும், வறுத்த வேர்க்கடலை, எள், உப்பு, சர்க்கரை இடித்த பொடியும் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது அவர்கள் இதைத் தின்றுதான் தாக்குப்பிடித்தார்களாம். வாயில் வைத்த ஒரு பையன், “சார், இது நம்ம குச்சிக்கிழங்கு!” என்று கத்தினான். மரவள்ளியைத்தான் சொன்னான். அவன் வீட்டுக் காட்டில் அதுதான் வெள்ளாமை, லோடு லோடாக ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போகும். வீட்டில் அவித்தால் தொட மாட்டானாம். அங்கே இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினான். வழிகாட்டியிடம் எத்தனை மாதத்தில் பிடுங்குவீர்கள், மழையா பாசனமா என்று அவன் கேட்ட கேள்விகளைப் போல, முந்தின நாள் தொழிற்சாலையில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை ஏஜெண்டிடம், ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸிலேயே நான்கு சொல் பாடம் நடத்தினேன். பொ என்றால் மாடு, கா கோழி, ஹெயோ பன்றி, சாய் சைவம். எது வேண்டும், எது ஆகாது என்பது அவரவர் பாடு. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணை மட்டும் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். அங்கே பாதிப் பண்டங்களின் தலையில் கடலையைத் தூவிவிடுகிறார்கள்.

சைவப் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் கவிச்சி தொட மாட்டார்கள், நம் வீட்டுப் பெரியவர்களைப் போலவே. அதனால் ‘கொம் சாய்’, அதாவது சைவச் சோற்றுக் கடை, தேடினால் கிடைக்கிறது. ஒரு தட்டு 40,000 டாங், நம் காசுக்கு 130 ரூபாய் சொச்சம். ஹலால் பார்க்கிற இரண்டு பையன்களும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மற்றவர்கள் பான் செயோ கடைக்குப் போனார்கள். அரிசி மாவில் மஞ்சள் தூளும் தேங்காய்ப் பாலும் கலந்து வார்ப்பது. மாவு சட்டியில் விழும் ‘செயோ’ சத்தம்தான் பெயரே. நாம் ‘சொய்ங்’ என்போம், அவ்வளவுதான் வித்தியாசம். இறாலும் பயறு முளையும் வைத்து மடித்து, கீரையில் சுருட்டி, மீன் சாற்றில் தொட்டுத் தின்ன வேண்டும். அந்தச் சாற்றை மோந்து பார்த்து ஒரு பையன் “ச்சீ” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி வடிந்த நீர் அது. உங்கள் வீட்டில் கருவாடு வறுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். பாவம், அப்புறம் தொட்டுப் பார்த்தான். பிடிக்கவில்லை என்றான். சரி, அது நியாயம். தின்று பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்பவனோடு எனக்குச் சண்டையே இல்லை.

காபியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கை அரிக்கும். தம்ளர் மேல் சின்ன பில்டரை வைத்து, டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்கிறார்கள். அடியில் கெட்டியாக இனிப்புப் பால். கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்கவும், நான் மூன்று குடித்தேன்.

ஒரு பையனுக்கு வயிற்றைக் கெடுத்தது உண்மை. அவன் அன்றைக்குத் தின்ற பட்டியலைப் பார்த்தால் ஆத்தூரிலேயே கெட்டிருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம், மறுநாள் எழுந்துவிட்டான். அவன் அம்மாவோ, “நல்ல சாப்பாடுன்னு சொல்லித்தானே சார் பணம் கட்டுனோம்” என்று போனில் கேட்டார். நல்ல சாப்பாடு என்றால் தெரிந்த சாப்பாடு என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். ஒரு லட்சத்துக்குப் பக்கமாகக் கட்டி அனுப்பிவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் என்ன தின்கிறார்கள் என்பதைக் கண்ணில் காட்டாமல் திருப்பிக் கூட்டிவந்தால் அது எந்த ஊர்க் கணக்கு?

அடுத்த வருஷத்துக்கு இப்போதே அதே ஏஜெண்டிடம் பேசினேன். இந்திய உணவு காலையில் மட்டும் போதும், மதியமும் இரவும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். தாராளமாக என்றார். ஆனால் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாதாம்.