தானே புயலுக்குப் பிறகு கேட்ட திருவாசகம்

மனதை உலுக்கிய இசை ஆல்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கட்டுரையாளர் இத்தனை சொல்லியிருக்கிறார், மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு இளையராஜா இசையமைத்த ‘திருவாசகம்’ ஆல்பம் விட்டுப்போனதே! 2005-இல் வந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது.

மாணிக்கவாசகர் பாடிய தில்லை, அதாவது சிதம்பரம், எங்கள் கடலூர் மாவட்டம்தான். ஆனால் இந்த ஆல்பம் எனக்குள் இறங்கியது 2011 டிசம்பரில் அடித்த தானே புயலுக்குப் பிறகு. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்பில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டன. எல்லாம் தாத்தா வைத்த மரங்கள். கரண்ட் வந்ததும் அப்பா இந்த சிடியைத்தான் போடச் சொன்னார். ‘பொல்லா வினையேன்’ ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும், ராஜா சார் குரலில் ஒரு கெஞ்சல் இருக்கும். ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று வந்ததும் அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோப்பைப் போய்ப் பார்த்த அன்றுகூட அழாத மனுஷர். எனக்கும் தாங்கவில்லை.

தயவுசெய்து தனிப் பாட்டாகப் பிய்த்துக் கேட்காதீர்கள். அத்தனை கனத்தையும் தாண்டி ‘புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்’ வேகமெடுக்கும்போது உடம்பில் ஒரு தெம்பு ஏறும் பாருங்கள், அது வரிசையாகக் கேட்டால்தான் கிடைக்கும். முடிந்தால் நல்ல ஸ்பீக்கரில், வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.