ஜால்ரா சத்தம் எங்கே போனது?

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இணைய வானொலியில் பழைய பாட்டு கேட்பது என் பல வருடப் பழக்கம். பாட்டுத் தேர்வு அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த ஒலி! பல்லவி வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். இடையிசையில் வயலின்கள் சேர்ந்து எழும்போது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல எல்லாம் குழைந்துபோகிறது. ஜால்ரா 'ஜிங்' என்று ஒலிக்காமல், மணல் சலிப்பது போல 'ஸ்ஸ்ஸ்' என்கிறது.

ஹெட்ஃபோனை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. பிளேயரில் விவரம் பார்த்தால், எம்பி3 என்ற சுருக்கல் முறை, 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட் தரவு), அதுவும் இடது, வலது என இரண்டு தடம் கொண்ட ஸ்டீரியோ! அந்த அளவில் எம்பி3 மேல்சுருதி ஓசைகளை வெட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. குறைந்த தரவுக்கென்றே உள்ள ஹெச்இ-ஏஏசி சுருக்கல் முறைக்கு மாறினால் 48 கேபிபிஎஸ்ஸிலேயே எவ்வளவோ தெளிவாக வரும். எம்பி3தான் வேண்டுமா, சரி, 128 வையுங்கள். கேட்பவருக்கு மணிக்கு 58 எம்பி கூடச் செலவாகாது. பழைய பாட்டெல்லாம் பெரும்பாலும் ஒரே தடம் கொண்ட மோனோ பதிவுதானே, 64 மோனோவில் விட்டால்கூடக் காது குளிரும்.

அப்புறம், ஏற்கெனவே சுருக்கி நசுக்கிய எம்பி3 கோப்பையே மறுபடி நசுக்கி அனுப்புகிறார்கள். ஒருமுறை தொலைந்த ஓசை திரும்ப வராது. மிச்சமிருப்பதும் இரண்டாவது சுருக்கலில் போய்விடும். மூன்று முறை மெயில் போட்டேன். 'உங்கள் நெட்டைச் சரிபாருங்கள்' என்று ஒரே ஒரு பதில்.

நேற்று நாகஸ்வரம் போட்டார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் அந்தக் கூர்மையும் இல்லை, தவிலில் வலப்பக்கமான வலந்தலையின் 'டக்' என்ற வெட்டும் இல்லை. வயிறு எரிந்தது. இரண்டே நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.