எந்த மாதிரிப் பாட்டு கேட்பீர்கள் என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்

ஹோம் தியேட்டர், ஹை-ஃபை விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "எந்த மாதிரிப் பாட்டு கேட்பீர்கள், சார்?" அக்கறையாகக் கேட்பது போலவே இருக்கும். கர்நாடக சங்கீதம் என்றால் ஒரு மாடல், புதுப் பாட்டு என்றால் இன்னொன்று, இரண்டும் என்றால் மூன்றாவதாக ஒன்று. மூன்றாவதன் விலை இரண்டையும் கூட்டினால் வருவது.

ஸ்பீக்கருக்கு ராகம் தெரியுமா, தாளம் தெரியுமா? உள்ளே வருகிற மின்சாரத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காற்றில் அசைத்துக் காட்டுவதுதான் அதன் வேலை. மனிதக் காதுக்கு எட்டுவது 20 ஹெர்ட்ஸிலிருந்து (அதாவது நொடிக்கு 20 அதிர்வு) 20,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த எல்லைக்குள் எல்லாவற்றையும் ஒரே நேர்மையோடு கொடுக்கிற பெட்டி, எந்த இசையைப் போட்டாலும் ஒழுங்காகக் கொடுக்கும். மிருதங்கம் சரியாகக் கேட்காத பெட்டியில் பியானோவும் சரியாகக் கேட்காது. கேட்பது போலத் தோன்றினால், பியானோவைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை என்றுதான் பொருள்.

கடைக்காரர்களுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். அதனால்தான் டெமோவுக்கு எப்போதும் அதே சரக்கு: கிசுகிசுப்பாகப் பாடும் ஒரு பெண் குரல், பக்கத்தில் ஒரு கிட்டார், கீழே மெதுவாக நடக்கும் டபுள் பேஸ். அந்தப் பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். "என் பாட்டைப் போடுங்கள்" என்று பென் டிரைவை நீட்டினால் முகம் மாறிவிடும். பாதியிலேயே நிறுத்திவிட்டு, "உங்கள் ரெக்கார்டிங் பழசு, சார்" என்கிறார்கள். பழி பாட்டின் மேல்!

வீட்டுக்கு வந்த பிறகுதான் வண்டவாளம் தெரியும். என் வீட்டில் டிவிக்குக் கீழே இருக்கும் பட்டை ஸ்பீக்கரான சவுண்ட்பாரில் மிருதங்கத்தைக் கேட்டால் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கிறது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் அப்பியிருக்கிறதே கறுப்புப் பூச்சு, அதுதான் சாதாரண முரசில் தாறுமாறாகச் சிதறும் மேல்சுரங்களை, அதாவது அடிச்சுரத்தோடு கூடவே எழும் உயர் ஒலிகளை, ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தோலுக்குச் சுருதி கொடுக்கிறது. சி.வி.ராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் இதை எழுதிவிட்டார். அந்தச் சுருதி சுத்தமாகக் கேட்க வேண்டுமானால் நடுத்தரமான அதிர்வெண்கள் சேதமில்லாமல் வர வேண்டும். இந்தப் பெட்டியிலோ அங்கேதான் பள்ளம். வலக்கை அடிகளில் சாப்பு எது, மீட்டு எது என்று பிரித்தறிய முடியவில்லை. இடது கை, இடப்பக்கத் தோலான தொப்பியை அழுத்தித் தேய்த்துக் கும்கியை இழுக்கும்போது ஒரு வளைவு கேட்க வேண்டும் அல்லவா? இங்கே "பொம்" என்று ஒரு முழக்கம். அவ்வளவுதான்.

பாடகர் கதி இன்னும் மோசம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ். டிவிக்குக் கீழே படுத்திருக்கும் அந்த ஒல்லிப் பட்டைக்குள் இருப்பவை குட்டி ஸ்பீக்கர்கள். அவ்வளவு கீழே அவற்றால் இறங்க முடியாது. எனவே குரலின் அடிப்பாகம் மூலையில் தரையில் உட்கார்ந்திருக்கும், அடி ஒலிகளுக்கான பெட்டியான சப்வூஃபரிலிருந்தும், மேல்பாகம் டிவி அடியிலிருந்தும் வருகின்றன. ஒரே மனிதர் இரண்டு இடங்களிலிருந்து ஆலாபனை செய்கிறார்! நாதஸ்வரத்தைப் போட்டாலோ, ஊதும் முனையிலுள்ள சீவாளியின் கூர்மை மட்டும் காதில் குத்துகிறது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய கனம் வருவதே இல்லை.

புகார் சொல்ல போன் செய்தால் சர்வீஸ் ஆள் அமைதியாகச் சொல்கிறார்: "ரிமோட்டில் கிளாசிக் பட்டனை அழுத்துங்கள், சார்." ராக், பாப், ஜாஸ், கிளாசிக் என்று நான்கு பட்டன்கள். அழுத்திப் பார்த்தேன். ராக் என்றால் அடியும் உச்சியும் ஏறி நடு அமுங்குகிறது. கிளாசிக் என்றால் உச்சி இறங்கி வயலின் போர்வைக்குள் போய்விடுகிறது. பாப் எதைச் செய்கிறது என்று அதைச் செய்தவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். பெட்டியில் உள்ள கோணலை நேராக்க இன்னொரு கோணல், அதற்கு ஓர் இசையின் பெயர்.

பழைய திரைப்பாடல்களுக்கு வேறு கொடுமை. மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவான பாட்டில் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே அசையாமல் நிற்க வேண்டும். '3டி சரவுண்ட்' என்ற ஒன்று தானாகவே இயங்கி அந்தக் குரலைச் சுவரெல்லாம் பூசிவிடுகிறது. அணைத்துவிட்டுக் கேட்டால், மறுநாள் டிவியைப் போடும்போது மறுபடியும் வந்து நிற்கிறது.

புதுப் பாட்டுகளுக்காவது இந்தப் பெட்டி பொருந்துகிறதா? அதுவும் இல்லை. சிடியில் மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையே 96 டெசிபல் இடம் இருக்கிறது. இப்போது வரும் பல பாட்டுகள் அதில் உச்சியிலுள்ள சில டெசிபலுக்குள்ளேயே முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கத்துகின்றன. ஹிப்-ஹாப்பில் 808 என்ற டிரம் மெஷினின் அடி நெடுநேரம் நீண்டு அடங்குவதுதான் அழகு. இங்கே அது எல்லாச் சுரத்துக்கும் ஒரே முழக்கம். மேற்கத்திய சிம்பொனி கேட்கலாம் என்றால், மெல்லிய பகுதி மின்விசிறிச் சத்தத்தில் காணாமல் போகிறது. ஒலியைக் கூட்டுகிறேன். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே நேரத்தில் எழும்போது கீழ்வீட்டுக்காரர் அழைப்புமணியை அழுத்துகிறார். இதில் மட்டும் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

வாட் கணக்கு தனி மோசடி. அட்டையில் 3000 வாட் என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் 'பிஎம்பிஓ', அதாவது ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்சக் கணக்கு. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: மின் நுகர்வு 60 வாட் என்று ஒரு சிறிய தகடு. 60 வாட்டைத் தின்று 3000 வாட்டைக் கக்கும் இயந்திரத்தை மின்வாரியத்துக்கு விற்கலாமே!

இவ்வளவும் பேசுகிறவர்கள் அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நம் வீடுகளில் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். ஒலி எங்கே பட்டாலும் திரும்பித்தான் வரும். 12 அடிக்கு 10 அடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதும் அலைகள் 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் 56 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் ஒன்றோடொன்று சேர்ந்து வீங்குகின்றன. சப்வூஃபரை மூலையில் வைத்தால் அந்த வீக்கம் உச்சத்துக்குப் போகும். எல்லா வீட்டிலும் அது எங்கே இருக்கிறது? மூலையில்தான், கடையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவரே வைத்துவிட்டுப் போன இடம். அதை இரண்டடி முன்னால் இழுத்து, எதிர்ச் சுவரில் கனமான திரையைத் தொங்கவிட்டு, தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்த பிறகு என் வீட்டில் மிருதங்கம் பாதியாவது மிருதங்கமாகியிருக்கிறது. ஜமுக்காளத்தில் கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது. மறுபடி போன் செய்தபோது அவர் சிபாரிசு செய்தது, தங்க முலாம் பூசிய ஒரு கேபிளை.