கேட்பதற்கு மட்டும்தான் கோயிலா?

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனால் இப்போதெல்லாம் எனக்கு மனசே ஆறுவதில்லை. கூட்டத்தைச் சொல்லவில்லை, கூட்டம் மதுரைக்குப் புதுசா என்ன. பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவதுதான் தாங்கவில்லை. எத்தனை விளக்கு போட்டால் வேலை கிடைக்கும், எத்தனை வாரம் சுற்றினால் கல்யாணம் கூடும், "அந்தக் கோயில்ல உடனே நடக்குதாம்க்கா" என்று சன்னதி வாசலிலேயே விசாரணை. தீபாராதனை காட்டும் அந்த ஒரு நிமிஷம்கூட அம்மன் முகத்தைப் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவைகளை முணுமுணுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருத்தர், மகனுக்கு சீட் கிடைக்கவில்லை என்று சாமி படத்தையே எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். சரி, வருத்தம் இருக்கும், ஆனால் இத்தனை வருஷம் கும்பிட்டது யாரை, அந்த சீட்டையா?

கஷ்டத்தில் இருப்பவர் கேட்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். பெற்ற தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? கேட்பதைத் தவிர வேறெதுவுமே இல்லாமல் போனதுதான் எரிச்சல்.

அதே கோயிலில், சுவாமி சன்னதியில் வெள்ளியம்பலம் இருக்கிறது. பொதுவாக இடது காலைத் தூக்கி ஆடுகிற நடராஜர் இங்கே வலது காலைத் தூக்கி நிற்கிறார். ராஜசேகர பாண்டியன் பரதம் கற்றபோது உடம்பெல்லாம் வலித்ததாம், அப்படியானால் எப்போதும் ஒரே காலில் நிற்கிற சாமிக்கு எப்படி வலிக்கும் என்று தவித்து, காலை மாற்றி ஆடச்சொல்லி மன்றாடினான் என்பது திருவிளையாடல் கதை. தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, சாமிக்குக் கால் வலிக்குமே என்றுதான் கேட்டான். அந்த நடராஜர் முன்னாடி நின்றுகொண்டு, "இங்க என்ன வேண்டிக்கிட்டா நடக்கும் சாமி?" என்று அர்ச்சகரைக் கேட்கிறார்கள். வயிறு எரிகிறது.