விவசாயிக்கு வகுப்பெடுக்கக் கிளம்பிவிட்டார்கள்

சனிக்கிழமை கிண்டியில் நடந்த ஒரு கூட்டத்தில், விவசாயிகள் கடன் வாங்குவதைப் பற்றி ஒருவர் மேடையில் பேசிய வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. "கிராமத்துல நிதி விழிப்புணர்வே இல்ல, நகையை அடகு வெச்சே பழகிட்டாங்க" என்று அந்த அண்ணன் சொன்னதும் ஏசி அரங்கமே சிரித்தது. பேச்சையாவது விட்டுவிடலாம். அந்தச் சிரிப்புதான் தொண்டையில் நிற்கிறது.

விழிப்புணர்வெல்லாம் அவர்களுக்கு நிறையவே இருக்கிறது சார். அவர்கள் பேரில் ஒரு காகிதம்தான் இல்லை.

என் சித்தப்பா பொன்னேரி பக்கம் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைக்கிறார் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கலில் நிலக்காரர் பேர். அவர் எழுதித் தர மாட்டார். தந்தால் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தை விடமாட்டார்களோ என்று பயம். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. விவசாயிகளுக்கு வங்கி பயிர்க்கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டு விதியில் வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் கடன் உண்டு என்றே இருக்கிறது. 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது. படிக்கவே இனிக்கிறது. கவுன்ட்டரில் போய் நின்றால் ஒரே கேள்வி: "அடங்கல் உங்க பேர்ல இருக்கா?" முடிந்தது கதை.

நவரைப் பட்டத்து நெல் நடவு காத்திருக்குமா? சித்தி வளையலைக் கழற்றிக் கொடுத்தார். அடகுக்கடையில் யாரும் அடங்கல் கேட்பதில்லை. இதற்குப் பேர் பழக்கமாம். காய்கறி போடுகிறவர் கோயம்பேடு மண்டியில் முன்பணம் வாங்கிவிட்டு, அப்புறம் மண்டிக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறாரே, அதுவும் பழக்கம்தான் போல.

எனக்கோ அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போதே போன் வரும், "சார், பர்சனல் லோன் ரெடி" என்று. மாதாமாதம் சம்பளம் விழுகிறது என்பதைத் தவிர நான் எதை விளைவித்தேன்?

"தள்ளுபடி வரும்னு கட்டாமலே இருக்காங்களே" என்று ஒருத்தர் வருவார். வாங்க. 2021ல் 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள். கடன் கொடுத்தால்தானே தள்ளுபடி? சித்தப்பாவுக்கு எதைத் தள்ளுபடி செய்தீர்கள், சித்தியின் வளையலையா? "எல்லாருக்கும் அக்கவுன்ட் இருக்கே" என்பார் இன்னொருத்தர். ஆமாம், சித்திக்கும் ஜன்தன் கணக்கு இருக்கிறது. பாஸ்புக் பத்திரமாக பீரோவில் இருக்கிறது.

"பொதுப்பணம், பார்த்துத்தான் கொடுக்கணும்." இது நியாயம். பார்க்கட்டும், வயலில் வந்து பார்க்கட்டும். 2025ல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் ஸ்கோர், பார்ப்போம் என்று கிளம்பி, விவசாயிகள் அதற்கும் போராட வேண்டியதாயிற்று. வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஸ்கோர் எங்கிருந்து வரும், வானத்திலிருந்தா?

"அவர் நல்லெண்ணத்துலதான் சொன்னார், உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று இன்பாக்ஸில் கேட்ட நண்பருக்கு: என் முதல் செமஸ்டர் ஃபீஸ் அதே வளையலை அடகு வைத்துக் கட்டியது. கோபம் வராமல்?